குழு வேலையில் உரசல் வந்தால்: விட்டுவிடுவதா, பேசுவதா, மேலே சொல்வதா?

காலையில் கோப்பைத் திறந்தால் என் பகுதியில் இரண்டு பத்திகளைக் காணோம். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்த ப்ராஜெக்ட் அறிக்கை அது. மூன்றாவது பகுதி என் பொறுப்பு. திருத்த வரலாற்றைப் பார்த்தேன். இரவு 1.40-க்கு எங்களில் ஒருத்தி உள்ளே வந்து, இரண்டையும் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் நான்கு வரி எழுதியிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'என்ன திமிர்!' என்றுதான் முதலில் தோன்றியது. இரண்டாவதாகத் தோன்றியதும் அதுவேதான். வாட்ஸ்அப்பில் "பார்த்தேன். நன்றி." என்று அனுப்பினேன். அந்த இரண்டு முற்றுப்புள்ளிகளிலும் என் கோபம் முழுவதும் ஏறியிருப்பதாக எனக்கு நினைப்பு. அவள் பதிலுக்கு ஒரு கட்டைவிரலைப் போட்டாள்.

பதினொரு நாள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. அறிக்கையின் பக்க வரம்பைக் குறைத்துவிட்டார்களாம். அதை அவள் முந்தின நாள் மாலையே குழுவில் போட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு அறுபது செய்திகள் வந்து விழுந்ததில் என் கண்ணில் படவில்லை. எல்லாருடைய பகுதியிலும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டியிருக்கிறாள், தன்னுடையதில்தான் அதிகம். அந்தப் பதினொரு நாளும் அவள் எது கேட்டாலும் நான் "ம்", "பார்க்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சண்டையில் இருந்தேன். அப்படி ஒரு சண்டை நடப்பதே அவளுக்குத் தெரியாது.

இப்படி ஒரு உரசல் வரும்போது நம் கையில் இருக்கும் வழிகள் ஐந்து என்று வைத்துக்கொள்ளலாம்: விட்டுவிடுவது, தனியாகப் பேசுவது, குழு முன்னால் வைப்பது, மேலே கொண்டுபோவது, விலகிக்கொள்வது. எது நல்லது என்று ஒப்பிடத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதற்கு முன் ஒன்று இருக்கிறது. எந்த வழி என்று யோசிக்கும் முன்பே, நடந்தது என்ன என்று ஒரு தீர்ப்பை எழுதி முடித்துவிடுகிறோம். வழி தப்பாகப் போவது பெரும்பாலும் அங்கேதான்.

இது என்ன சண்டை?

1967-ல் ஜோன்ஸ், ஹாரிஸ் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளை மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பதை எழுதியவர் தேர்ந்தெடுக்கவில்லை, அவருக்கு அப்படி எழுதச் சொல்லிக் கொடுக்கப்பட்டது என்று தெளிவாகச் சொன்ன பிறகும், ஆதரித்து எழுதியவர் உள்ளூர ஆதரவாளராகத்தான் இருப்பார் என்ற பக்கமே மாணவர்கள் சாய்ந்தார்கள். பத்து ஆண்டு கழித்து லீ ராஸ் இந்தப் பழக்கத்துக்கு ஒரு பெயர் வைத்தார்: அடிப்படைக் காரணப் பிழை. அடுத்தவர் செய்வதற்கு அவர் குணம் காரணம். நாம் செய்வதற்குச் சூழ்நிலை காரணம். அவள் சொல்லாமல் வெட்டினால் திமிர். நான் சொல்லாமல் வெட்டினால் நேரமில்லை.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. 1979-ல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இருவர், வீட்டு வேலைகளில் உன் பங்கு எவ்வளவு என்று கணவன் மனைவியரைத் தனித்தனியாகக் கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் மொத்தம் நூறு சதவீதத்தைத் தாண்டியது. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. தான் செய்தது தனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான். அடுத்தவர் செய்தபோது நாம் பக்கத்தில் இல்லை. ஒரு குழுவில் நான்கு பேரையும் தனியே கூப்பிட்டு 'உன் உழைப்பு எத்தனை சதவீதம்' என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு நாற்பது சொல்வார்கள். 'நான்தான் எல்லாத்தையும் இழுக்கிறேன்' என்று குழுவில் ஒருவருக்குத் தோன்றினால், மற்ற மூவருக்கும் அதே எண்ணம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

சரி, சண்டையின் வகைக்கு வருவோம். குழுக்களுக்குள் நடக்கும் மோதலை நெடுங்காலம் ஆராய்ந்த கரென் ஜென் 1995-ல் அதை இரண்டாகப் பிரித்தார். 1997-ல் மூன்றாவதைச் சேர்த்தார். என்ன செய்வது, எது சரியான விடை என்பதில் வரும் கருத்து வேறுபாடு ஒன்று. அதை வேலைச் சண்டை எனலாம். ஒருவரை ஒருவர் பிடிக்காமல் வருவது ஆள் சண்டை. யார் எதைச் செய்வது, எப்போது கொடுப்பது, யாரைக் கேட்டு மாற்றுவது என்பதில் வருவது முறைச் சண்டை. என் கதையில் நடந்தது அசல் முறைச் சண்டை. அடுத்தவர் பத்தியில் கை வைத்தால் சொல்ல வேண்டுமா என்று நாங்கள் நான்கு பேரும் ஒருநாளும் பேசிக்கொண்டதே இல்லை. நான் அதை ஆள் சண்டையாகப் படித்தேன். நான் பார்த்த குழுக்களில், 'அவனோட ஒத்துவராது' என்று முடிந்த பல கதைகளைக் கிண்டினால் அடியில் இப்படி ஒரு பேசப்படாத ஏற்பாடுதான் கிடக்கும்.

வேலைச் சண்டை நல்லது, அதிலிருந்து புது யோசனை வரும் என்று பலர் சொல்வார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். டி ட்ரூ, வைன்கார்ட் இருவரும் 2003-ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆள் சண்டையைப் போலவே வேலைச் சண்டையும் குழுவின் செயல்பாட்டைக் குறைப்பதோடு சேர்ந்தே வந்தது. 2012-ல் 116 ஆய்வுகளைத் தொகுத்த இன்னொரு குழு படத்தைக் கொஞ்சம் திருத்தியது: வேலைச் சண்டை ஆள் சண்டையோடு பின்னிக்கொள்ளாத இடங்களில் அதன் கெடுதல் குறைவு, சில இடங்களில் நன்மையும் உண்டு. ஆக, இரண்டையும் பிரித்து வைக்க முடிகிறதா என்பதே கேள்வி. கீழே வரும் ஐந்து வழிகளையும் இந்த அளவுகோலில்தான் பார்க்கிறேன்.

இந்த இடத்தில் தாமஸ்–கில்மன் சோதனையைச் சொல்லாவிட்டால் யாராவது கேட்பார்கள். 1974-ல் வந்தது, முப்பது இணை வாக்கியங்கள், ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசியில், மோதல் வந்தால் போட்டி, ஒத்துழைப்பு, சமரசம், தவிர்ப்பு, விட்டுக்கொடுப்பு என்ற ஐந்தில் நீங்கள் எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்று சொல்லும். கண்ணாடியாக நல்லதுதான். ஆனால் அதை எழுதி முடித்தவர்கள் 'நான் தவிர்ப்பு டைப்' என்று சொல்லிக்கொண்டு அதன் பின்னால் ஒளிந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். நாளைக் காலையில் என்ன செய்வது என்பதற்கு அது பதில் இல்லை.

விட்டுவிடுவது

விட்டுவிடுவது கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். கெடு மூன்று நாளில் வருகிறது, விஷயம் எழுத்துருவின் அளவு, இந்த ஆளோடு இனி வேலை இல்லை என்றால் விட்டுவிடுவதுதான் புத்தி. உண்மையிலேயே விட்டுவிட வேண்டும், அதுதான் நிபந்தனை. மூன்று வாரம் கழித்து வேறு ஏதோ பேச்சில் "அன்னைக்கு நீ செஞ்சது மட்டும்..." என்று வாயில் வந்தால், நீங்கள் விடவில்லை, சேர்த்துத்தான் வைத்திருந்தீர்கள்.

விட்டுவிடுவதுபோலத் தோற்றம் தரும் இன்னொரு வழி உண்டு. எனக்குத் தெரிந்து குழு வேலையில் அதிகம் பேர் எடுப்பதும், அதிகம் கெடுப்பதும் அதுதான்: அடுத்தவர் வேலையைச் சத்தம் போடாமல் நாமே செய்து முடிப்பது. 'கேட்டு வாங்குறதுக்கு நானே செஞ்சுடலாம்.' ஒரு தடவை செய்தால் உதவி. மூன்றாவது தடவை அது ஏற்பாடாகிவிடும்.

இது ஏன் கெடுக்கிறது என்பதற்குப் பழைய சோதனை ஒன்று உண்டு. ரிங்கல்மேன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க விட்டு அளந்தார். 1913-ல் அதை வெளியிட்டார். ஆள் கூடக் கூட, ஒவ்வொருவர் இழுத்த பலமும் குறைந்தது. 1979-ல் லதானேயும் அவருடைய சகாக்களும் கைதட்டுவதிலும் கத்துவதிலும் அதையே கண்டார்கள். அடுத்து அவர்கள் கண்டுபிடித்ததுதான் நமக்கு வேண்டியது: யார் சத்தம் எவ்வளவு என்று தனியே அளக்க முடியும் என்று தெரிந்தால் இந்தத் தளர்ச்சி போய்விடுகிறது. இப்போது யோசியுங்கள். ஒருவன் தன் பகுதியைக் கொடுக்கவில்லை. அந்த ஓட்டையை நாம் இரவோடு இரவாக அடைத்துவிடுகிறோம். அவன் செய்யவில்லை என்பது தெரியக்கூடிய ஒரே இடமும் அதுதான். அதையும் நாமே அழித்துவிட்டோம்.

அதோடு நிற்பதில்லை. பக்கத்தில் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் மூன்றாமவர் ஒருவர் இருப்பார். நார்பர்ட் கெர் 1983-ல் காட்டியது இது: முடிந்தும் செய்யாமல் ஓசியில் போகிற கூட்டாளியைப் பார்த்தால், ஒழுங்காக உழைக்கிறவரும் கையைத் தளர்த்திவிடுகிறார். தான் மட்டும் இளிச்சவாயனாக இருக்க யாருக்கும் மனம் வராது. நான்கு பேர் குழுவில் ஒருவர் செய்யவில்லை என்று தொடங்குவது, கடைசி வாரத்தில் ஒருவர் மட்டும் செய்கிறார் என்று முடிவது இப்படித்தான்.

தனியாகப் பேசுவது

என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். ஆனால் 'பேசித் தீர்த்துக்கோங்க' என்று சொல்வதைவிட அது கடினம்.

முதல் விஷயம், குரலில் பேசுங்கள். க்ரூகரும் எப்லியும் இன்னும் இருவரும் 2005-ல் வெளியிட்ட சோதனையில், மின்னஞ்சலில் கிண்டலாகவோ உண்மையாகவோ எழுதியவர்கள், படிப்பவருக்கு அது எது என்று 78 சதவீதம் புரியும் என்று எதிர்பார்த்தார்கள். உண்மையில் புரிந்தது 56. காசைச் சுண்டிப் பார்த்தாலே ஐம்பது கிடைக்கும். குரலில் சொன்னபோது எதிர்பார்ப்புக்கும் புரிதலுக்கும் இடையில் இவ்வளவு பள்ளம் இல்லை. என் முற்றுப்புள்ளிகள் என்ன ஆயின என்று நினைத்துப் பாருங்கள். நான் கத்தியை நீட்டியதாக நினைத்தேன். அவள் அதை நன்றி என்றே படித்தாள். அது நேர்மாறாகப் போகும் நாள்களும் உண்டு: அவசரத்தில் தட்டிய "சரி" ஒன்று, அந்தப் பக்கம் முகத்தில் அறைந்ததுபோல் போய் இறங்கும்.

இரண்டாவது, எப்படித் தொடங்குவது. "ஏன் செய்யல?" என்றும் கேட்கலாம், "என்ன ஆச்சு?" என்றும் கேட்கலாம். கேட்க வேண்டிய தகவல் ஒன்றுதான். முன்னது குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. பதிலாக வாதம்தான் வரும். பின்னதற்குப் பதிலாகக் கதை வரும். கதையில்தான் பக்க வரம்பு குறைந்தது போன்ற செய்திகள் இருக்கும். அதேபோல் "நீ எப்பவும் லேட்" என்பது குணத்தைப் பற்றிய தீர்ப்பு. "புதன்கிழமை வரவேண்டிய அட்டவணை இன்னும் வரலை, அது இல்லாம என் பகுதி நகரலை" என்பது நடந்தது. 'எப்பவும்', 'ஒருநாளும்' என்ற இரண்டு சொற்களையும் வாசலிலேயே விட்டுவிட்டுப் போனால் பாதி சண்டை குறையும்.

பேச்சால் என்ன கிடைக்கும் என்பதற்கு நிர்வாகவியல் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபாலெட் 1925-ல் சொன்ன உதாரணம் இன்னும் பழசாகவில்லை. ஹார்வர்ட் நூலகத்தில் ஒரு சின்ன அறை. ஒருவர் ஜன்னலைத் திறக்க வேண்டும் என்கிறார். ஃபாலெட்டுக்கு மூடியிருக்க வேண்டும். பக்கத்து அறையில் ஆள் இல்லை. அங்கே உள்ள ஜன்னலைத் திறந்தார்கள். சமரசம் என்றால் பாதி திறந்திருப்பார்கள், இருவருக்கும் அரைகுறை. இங்கே யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அவருக்கு வேண்டியது காற்று. இவருக்கு வேண்டாதது முகத்தில் அடிக்கும் வாடைக்காற்று. ஜன்னலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இது வெளியே வராது. வாக்கெடுப்பு வைத்தாலும் வராது.

தனியாகப் பேசக் கூடாத இடங்களும் உண்டு. எதிரில் இருப்பவர் உங்கள் மதிப்பெண்ணையோ வேலையையோ கையில் வைத்திருந்தால் தனியே மாட்டிக்கொள்ள வேண்டாம். ஏற்கெனவே இரண்டு முறை பேசி, இரண்டு முறையும் "கண்டிப்பா" என்று தலையாட்டிவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்றால், மூன்றாவது முறை பேசுவதும் விட்டுவிடுவதன் இன்னொரு வடிவம்தான்.

குழு முன்னால் வைப்பதும் மேலே கொண்டுபோவதும்

இந்த இரண்டையும் மக்கள் தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். ஆள் மேல் உள்ள கோபத்தைக் குழுவில் கொட்டுகிறார்கள். எல்லாரும் சேர்ந்து பேச வேண்டிய ஏற்பாட்டை யாரிடமும் சொல்லாமல் ஆசிரியரிடமோ மேலாளரிடமோ கொண்டுபோகிறார்கள்.

குழுவில் வைக்க ஏற்றது முறைச் சண்டை. 'அடுத்தவர் பகுதியை மாற்றினால் எப்படிச் சொல்வது?' என்று வைத்தால் நான்கு பேரும் பேசலாம், யாருக்கும் முகம் போகாது. 'நேத்து என் பகுதியை அழிச்சது யாரு?' என்று வைத்தால் மூன்று பேர் ஒரு பக்கம், ஒருத்தி ஒரு பக்கம் என்று ஆகிவிடும். மூன்று பேர் பார்க்கத் தோற்றவர் அடுத்த கூட்டத்துக்குப் பழிவாங்க வருவார், அல்லது வரவே மாட்டார்.

மேலே கொண்டுபோவதற்குக் 'கோள் மூட்டுவது' என்ற கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் கடைசி வாரம் வரை தள்ளிப்போட்டு, வெடித்த பிறகு போகிறார்கள். கடைசி வாரத்தில் மேலே இருப்பவரால் ஒன்றுதான் செய்ய முடியும்: மதிப்பெண்ணைக் குறைக்கலாம். பாதி வழியில் போனால் வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம், தனித்தனியாக மதிப்பிடலாம், கெடுவை நகர்த்தலாம். போகும்போது குணச்சித்திரம் கொண்டுபோக வேண்டாம், தேதி கொண்டுபோங்கள். இந்தத் தேதியில் இது ஒப்புக்கொள்ளப்பட்டது, இத்தனை முறை கேட்டோம், இது வரவில்லை. அவரை என்ன செய்வீர்கள் என்று கேட்காமல், நாங்கள் என்ன செய்யலாம் என்று கேளுங்கள். சம்பந்தப்பட்டவரிடம் "இதைச் சொல்லப் போறேன்" என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால் கோள் என்ற பேச்சுக்கே இடமில்லை. சில சமயம் அந்த ஒரு வாக்கியத்திலேயே வேலை வந்துவிடும்.

மிரட்டல், இழிவுப் பேச்சு, பாலியல் சீண்டல், வேறொருவர் எழுதியதைத் திருடி வைப்பது, தரவைக் கற்பனையாகப் போடுவது ஆகியவற்றுக்கு மட்டும் இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. அங்கே முதல் வழியே மேலே போவதுதான்.

விலகுவது

விலகுவதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, பெரும்பாலான குழுக்களில் அதற்கு வழியே இருக்காது. பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-ல், மனக்குறை உள்ளவர் வெளியேறலாம், குரல் கொடுக்கலாம், விசுவாசத்தோடு பொறுத்திருக்கலாம் என்று வகுத்தார். பின்னால் கேரில் ரஸ்பல்ட்டும் அவருடைய சகாக்களும் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: உள்ளேயே இருந்துகொண்டு கைகழுவுவது. ஆள் கூட்டத்துக்கு வருவார், கேமரா அணைந்திருக்கும், கேட்டால் "உங்க இஷ்டம்" என்பார். பதினொரு நாள் "ம்" சொல்லிக்கொண்டிருந்த நானும் இந்த வகைதான். நான் விட்டுக்கொடுத்ததாக நினைத்தேன், உண்மையில் வெளியேறியிருந்தேன்.

எப்போது?

வழியைத் தேர்ந்தெடுப்பதில் பாதி, நாளைத் தேர்ந்தெடுப்பது. கானி கெர்சிக் 1988-ல் எட்டுக் குழுக்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை கூட இருந்து பார்த்தார். ஒவ்வொன்றும் முதல் கூட்டத்திலேயே ஒரு போக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஓடுகிறது; மொத்தக் காலத்தில் சரியாகப் பாதியை ஒட்டி எல்லாவற்றையும் கலைத்துப் புதிதாக அடுக்குகிறது. எடுத்துக்கொண்ட காலம் கூடினாலும் குறைந்தாலும் இந்தப் பாதிக் கணக்கு மாறவில்லை. ஆகவே ஏற்பாட்டை மாற்றும் பேச்சுக்கு இரண்டு நல்ல வாசல்கள்: முதல் கூட்டம், நடுப்பாதி. எட்டு வார வேலை என்றால் நான்காவது வாரம். ஏழாவது வாரத்தில் உண்மையைச் சொன்னாலும் அது பழியாகத்தான் கேட்கும்.

என் சொந்தக் கணக்கு இப்போது இப்படி ஓடுகிறது. கோபம் வந்ததும், இதையே நான் செய்திருந்தால் என்ன காரணம் சொல்லியிருப்பேன் என்று ஒன்றைத் தேடுகிறேன். கிடைத்தால் அது பெரும்பாலும் முறைச் சண்டை. ஒரு நாளுக்குள் போன் போட்டுக் கேட்டுவிட்டு, அடுத்த கூட்டத்தில் பெயர் சொல்லாமல் ஏற்பாடாக வைக்கிறேன். வேலைச் சண்டை என்றால் தனியே இழுத்துப் போகாமல் எல்லார் முன்னாலும் வாதாடுகிறேன், சில நாள் தோற்கவும் செய்கிறேன். ஆள் சண்டைதான் என்று தெரிந்தால் ஒரே ஒரு முறை தனியாகப் பேச்சு. சரிவரவில்லை என்றால், அந்த ஆளும் நானும் ஒரே பகுதியைத் தொடாதபடி வேலையைப் பிரித்துக்கொள்கிறேன். பிடித்தே ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அவரவர் பகுதி சொன்ன நேரத்துக்கு வந்தால் போதும்.

அந்த அறிக்கையைக் கொடுத்து முடித்த அன்று படிக்கட்டில் வைத்துத்தான் அவளிடம் கேட்டேன்.

"என் ரெண்டு பத்தியை நீ ஏன் தூக்கின?"

"வரம்பைக் குறைச்சுட்டாங்கன்னு குரூப்ல போட்டேனே, பார்க்கலையா?"

"பார்க்கல."

"அப்புறம் எதுக்கு நன்றி சொன்ன?"

என்னிடம் பதில் இல்லை. அடுத்த பருவத்தில் மறுபடி ஒரே குழுவில் விழுந்தோம். முதல் கூட்டத்தில் அவளே சொன்னாள்: யார் பத்தியில் யார் கை வைத்தாலும் ஓரத்தில் ஒரு குறிப்புப் போட வேண்டும். மூன்றாவது வாரம், இரவு ஒன்றரை மணி இருக்கும், என் பகுதியின் ஓரத்தில் ஒன்று முளைத்தது: "உன் கடைசிப் பத்தியைப் பாதியா வெட்டுறேன். நாளைக்கு நன்றி கின்றின்னு ஆரம்பிக்காதே."